ராமென் கடை வாசலில் இருந்த போன்

சான்டா கிளாராவில் எல் கமினோ சாலையில், ஒரு லாண்டரிக்கும் ஒரு பல் டாக்டர் ஆபீசுக்கும் நடுவே சின்னதாக ஒரு ஜப்பானியக் கடை இருந்தது. நான் முதலில் அங்கே சாப்பிடப் போகவில்லை. அதன் வாசலில் சுவரோடு பதித்திருந்த காசு போட்டுப் பேசும் போனுக்காகப் போனேன். எனக்கு ஆபீஸ் விடும் நேரமும், ஈரோட்டில் அக்கா வீட்டில் என் மகள் தூங்கி எழும் நேரமும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தன. எனக்கு அன்றைய பொழுது சாயும். அவளுக்கு மறுநாள் விடிந்திருக்கும்.

மகளை ஒன்றரை வயதில் அக்காவிடம் விட்டுவிட்டு அமெரிக்கா வந்தேன். இரண்டாயிரம் பிறந்ததும் உலகத்துக் கம்ப்யூட்டர்கள் எல்லாம் படுத்துவிடும் என்று பயந்து, புரோகிராம் எழுதத் தெரிந்தவர்களைக் கை நீட்டி அழைத்துக்கொண்டிருந்த காலம் அது. கணவரைக் கூப்பிட்ட கம்பெனி அவரை நியூ ஜெர்சிக்கு அனுப்பியது. என்னைக் கூப்பிட்ட கம்பெனி கலிபோர்னியாவுக்கு. "ஆறு மாசத்துல செட்டில் ஆயிட்டுப் பாப்பாவக் கூட்டிக்கலாம்" என்று அவர் சொன்னார். நானும் அதையேதான் சொன்னேன். ஆறு மாதம் ஒரு வருடமாகி, அதையும் தாண்டிப் போனது. நான் செய்தது தப்பு என்று அன்றும் நினைக்கவில்லை, இன்றும் நினைக்கவில்லை. நினைக்கச் சொல்லி வற்புறுத்தியவர்கள்தான் நிறையப் பேர்.

லிவர்மோர் கோவிலுக்குப் போனால் பிரசாத வரிசையில் யாராவது ஒரு ஆன்ட்டி பிடித்துக்கொள்வார். "பேபி எங்கம்மா? ஊர்லயா? அய்யோ, விட்டுட்டு எப்படிம்மா இருக்கீங்க? நானா இருந்தா செத்தே போயிருப்பேன்." ஒரு தரம் பொறுக்க முடியாமல், "நான் சாகலை ஆன்ட்டி, அடுத்த வாரம் புராஜெக்ட் டெலிவரி இருக்கு" என்று சொல்லிவிட்டேன். அன்றைக்கு எனக்குப் பின்னால் நின்றவர் முன்னால் நின்றவரிடம் குனிந்து ஏதோ சொன்னார். அதன் பிறகு புளியோதரைக்காகக்கூட அந்தப் பக்கம் போகப் பிடிக்கவில்லை. இந்தியக் கடைகளிலும் அதே கதைதான். அரிசி மூட்டையைத் தூக்கிக் காரில் வைப்பதற்குள் யாராவது என் குழந்தையை விசாரித்துவிடுவார்கள்.

நான் தங்கியிருந்த அபார்ட்மென்டில் என்னோடு இரண்டு தமிழ்ப் பெண்கள் இருந்தார்கள். கல்யாணமாகாதவர்கள், நல்ல பெண்கள். அதுதான் தொந்தரவு. ஹாலில் இருந்த ஒரே போனில் நான் பேச ஆரம்பித்தால் டிவியை அணைத்துவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். பேசி முடித்ததும் ஒருத்தி டீ போட்டுக்கொண்டு வருவாள். அவர்கள் பாவப்படுவதைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வரும். அதனால்தான் காலிங் கார்டை எடுத்துக்கொண்டு எல் கமினோவுக்கு வந்தேன்.

அங்கேயும் பேச்சு என்று பெரிதாக ஒன்றும் இல்லை. நான் போனில் செய்தது முக்கியமாக ஒரு வேலைதான். மகளுக்குக் காலை இட்லி ஊட்டுவேன்.

எப்படி என்று சொல்கிறேன். நான் கிளம்பி வந்த புதிதில் அவள் சாப்பிட மாட்டேன் என்று வாயை இறுக்கி மூடிக்கொண்டாளாம். ஒரு நாள் அக்கா போனை அவள் காதில் வைத்து, "அம்மா பேசறாங்க பாரு" என்றிருக்கிறாள். நான் வழக்கம் போல, "ஆ காட்டு சாமி, அம்மாவுக்கு ஒரு வாய்" என்றேன். அங்கே அவள் வாயைத் திறந்துவிட்டாள். அக்கா சட்டென்று இட்லியை வைத்துவிட்டாள். அன்றிலிருந்து அதுவே பழக்கமாகிவிட்டது. நான் இங்கே 'ஆ' என்பேன். அங்கே அக்காவின் கை உள்ளே போகும். "அப்பாவுக்கு ஒரு வாய், காக்காவுக்கு ஒரு வாய், பெரிம்மாவுக்கு ஒரு வாய்" என்று இட்லி தீரும்வரை சொல்லிக்கொண்டிருப்பேன். ஒவ்வொரு தரமும் என் வாயும் தானாகத் திறக்கும். பிள்ளைக்கு ஊட்டும்போது வாயை மூடிக்கொண்டு 'ஆ' சொல்ல எந்த அம்மாவாலும் முடியாது. லாண்டரிக்கு வருகிறவர்கள், சுவரைப் பார்த்து வாயைப் பிளந்துகொண்டு நிற்கும் ஒருத்தியைச் சுற்றிக்கொண்டு போவார்கள்.

"உம்பட குரலு கேட்டாத்தான் வாயத் தொறக்குது புள்ள" என்பாள் அக்கா. அதைக் கேட்கக் கேட்க எனக்குப் பெருமையாக இருக்கும். இவ்வளவு தூரத்தில் இருந்தும் என் பிள்ளை என் கையால்தான் சாப்பிடுகிறாள் என்று நினைத்துக்கொள்வேன்.

அந்தப் போனுக்கு இன்னொருவரும் வருவார். கோட்டும் டையுமாக ஒரு ஜப்பானியர். ஏதோ கம்பெனி அவரைத் தனியாக இங்கே அனுப்பியிருந்தது. குடும்பம் ஜப்பானில். நான் பேசி முடிக்கும்வரை மரியாதையாகத் தள்ளி நின்று, நான் வைத்ததும் தலையைக் குனிந்து வணங்கிவிட்டு எடுப்பார். பேசும்போதும் போனைப் பார்த்து அடிக்கடி குனிவார். பேசுவது மனைவியிடமா மாமனாரிடமா தெரியாது. அவர் குனிவதைப் பார்த்து நான் சிரித்ததில்லை. நான் வாயைத் திறப்பதைப் பார்த்து அவரும் சிரித்ததில்லை. அந்த ஊரில் எனக்கு ரொம்பப் பிடித்த மனிதர் அவர்தான். கடைசிவரை நாங்கள் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை.

ஒரு நாள் குழந்தை இன்னும் எழவில்லை, கொஞ்ச நேரம் கழித்துக் கூப்பிடு என்று அக்கா சொன்னாள். மழைச் சாரலும் குளிருமாக இருந்தது. கடையின் வாசலில் தொங்கிய நீலத் துணியை விலக்கிக்கொண்டு உள்ளே போனேன். உடனே உள்ளே இருந்தவர்கள் ஒன்றாக ஏதோ கத்தினார்கள். நான் பயந்து ஒரு அடி பின்னால் வைத்துவிட்டேன். வருகிறவர்களை வரவேற்க அப்படித்தான் கத்துவார்களாம். அமெரிக்கா வந்து அத்தனை நாளில், நான் வந்ததற்காக யாரும் குரல் எழுப்பியது அதுதான் முதல் தடவை. அதனால் உட்கார்ந்துவிட்டேன்.

அது இசக்காயா என்ற வகைக் கடை. ஆபீஸ் விட்டு வீட்டுக்குப் போகிற வழியில் குடித்துக்கொண்டே கொறிப்பதற்கான இடம். அதோடு ராமென் என்கிற நூடுல்ஸ் சூப்பும் உண்டு. நாலைந்து மேஜைகள், பிறகு அடுப்பைப் பார்த்தபடி ஒரு நீளப் பலகை, அதன் முன்னால் உயர ஸ்டூல்கள். தனியாக வருகிறவர்கள் எல்லாம் அந்தப் பலகையில்தான் உட்காருவார்கள். கடைக்காரர் அடுப்பில் குச்சியில் குத்திய கோழித் துண்டுகளைத் திருப்பிக்கொண்டிருப்பார். பரிமாறுவது, பில் போடுவது, போனில் ஆர்டர் எடுப்பது எல்லாம் அவர் மனைவி. என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர், தலையில் ஒரு கைக்குட்டையை இறுக்கிக் கட்டியிருப்பார். அந்தக் கடைக்கார அம்மாளுக்கு ஆங்கிலம் குறைவு. எனக்கும் பேசப் பிரியம் குறைவு. அதனால் எங்களுக்குள் நன்றாக ஒத்துப்போனது.

முதல் நாள் ராமென் வாங்கினேன். கிண்ணத்தைக் கையில் தூக்கிக் குடித்தபோது நெஞ்சுவரை சூடு இறங்கியது. பாதிக்கு மேல் குடித்த பிறகுதான் மேலே மிதந்த வட்டமான துண்டு என்ன என்று கேட்டேன். "போர்க்" என்றார். சூப்? அதுவும் போர்க் எலும்பில் கொதித்ததுதான். எங்கள் வீட்டில் கோழியும் மீனும் உண்டு, பன்றி கிடையாது. குடித்ததை இனி என்ன செய்ய முடியும்? அந்தத் துண்டை மட்டும் ஓரமாக ஒதுக்கிவைத்துவிட்டு மிச்ச சூப்பையும் குடித்தேன். எழும்போது, அடுத்த முறை போர்க் வேண்டாம் என்று மட்டும் சொன்னேன். அடுத்த முறை போனபோது நான் கேட்காமலே கோழிச் சாறில் நூடுல்ஸ் போட்டுக் கொடுத்தார்கள்.

அந்தக் கடையில் நான் ஒரு பைத்தியக்காரத்தனமும் செய்தேன். உட்கார்ந்தவுடன், ஆர்டர் எடுக்கும் முன்பே, அந்த அம்மாள் உள்ளங்கை அளவு கிண்ணம் ஒன்றை முன்னால் வைப்பார். ஒரு நாள் கீரை மேல் எள் பொடி, ஒரு நாள் வேகவைத்த பூசணி, ஒரு நாள் வெள்ளரிக்காய். நான் கேட்கவே இல்லை, எனக்காக வைக்கிறாரே என்று மனசு உருகிப் போனேன். "அக்கா, இங்க ஒரு கடையில என்னைப் பாத்ததும் எனக்குன்னு தனியா ஏதாச்சும் செஞ்சு வெச்சுக் குடுக்கறாங்க" என்று போனில் சொல்லிக்கூட விட்டேன். அக்காவும் "நல்லவீங்க எங்கிருந்தாலும் நல்லா இருக்கட்டும்" என்றாள். பல வாரம் கழித்துத்தான் பக்கத்து ஸ்டூலைக் கவனித்தேன். அவருக்கும் அதே பூசணி. அவருக்கு அடுத்தவருக்கும் அதே. அது உட்காரும் இடத்துக்குக் கட்டணம் போல எல்லோருக்கும் வைக்கிற கிண்ணம், பில்லிலும் ஏற்றிவிடுவார்கள். நான் பில்லைப் படிக்காமலே பணம் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறேன். அன்றைக்குத் தனியாகச் சிரித்துக்கொண்டே காருக்குப் போனேன். உள்ளே உட்கார்ந்து கதவைச் சாத்திய பிறகு அழுதேன். ஒரு துண்டு பூசணிக்கு இவ்வளவு ஏங்கிப் போயிருக்கிறேனே என்று என் மேலேயே ஆத்திரமாக வந்தது. அக்காவிடம் மட்டும் அந்த விஷயத்தைச் சொல்லவில்லை.

என்றாலும் போவதை நிறுத்தவில்லை. பலகைக்குப் பின்னால் ஒரு அலமாரியில் மது பாட்டில்கள் வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றின் கழுத்திலும் ஒரு பேர் எழுதிய சீட்டு. வாடிக்கையாளர்கள் முழு பாட்டிலாக வாங்கி அங்கேயே வைத்துவிட்டுப் போவார்கள். அடுத்த முறை வரும்போது அவரவர் பாட்டில் அவரவர் முன்னால் வரும். போனைப் பார்த்துக் குனிகிற மனிதருக்கும் ஒரு பாட்டில் இருந்தது. அங்கே தனியாக உட்கார்ந்து குடிக்கிற ஆண்களுக்கு நடுவில் குடிக்காத ஒரே ஆள் நான்தான். யாரும் என்னை என்ன ஏது என்று கேட்கவில்லை. சூப்பை உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருக்கும். அந்தச் சத்தத்துக்கு நடுவே சாப்பிடுவது அபார்ட்மென்டில் சாப்பிடுவதைவிட எனக்கு நிம்மதியாக இருந்தது. நிம்மதிதானே தவிர சந்தோஷம் கிடையாது. சாயங்காலம் ஆனால் மார்பில் ஒரு கனம் வந்து உட்காரும். அது எந்த சூப்புக்கும் இறங்கவில்லை.

அந்த அம்மாள் ஒன்றே ஒன்று கேட்டார். கடையின் கண்ணாடிச் சன்னல் வழியாக நான் போனில் வாயைத் திறப்பதைத் தினமும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். ஒரு நாள் தேநீர் ஊற்றிக்கொண்டே, "பேபி?" என்றார். தலையாட்டினேன். உள்ளங்கையைத் தரைக்கு மேலே இடுப்பு உயரத்தில் நிறுத்தி என்னைப் பார்த்தார். இவ்வளவு உயரமா என்று அர்த்தம். ஆமாம் என்றேன். சில மாதம் கழித்து மறுபடி கையை நிறுத்தினார், இந்தத் தரம் கொஞ்சம் மேலே. அதற்கும் ஆமாம் என்றேன். உண்மையில் என் பிள்ளை எவ்வளவு உயரம் என்று எனக்கே தெரியாது. போனில் உயரம் தெரிவதில்லையே.

அந்தச் சமயத்தில்தான் அக்கா ஒரு விஷயத்தைச் சிரித்துக்கொண்டே சொன்னாள். அக்கா வீட்டுக் கூடத்தில் என் போட்டோ இருக்கிறது. அக்கா பிள்ளைகள் அதைக் காட்டி "சித்தி" என்பார்கள். நான் அவர்களுக்குச் சித்திதானே. அதைக் கேட்டுக் கேட்டு என் மகளும் போட்டோவைக் காட்டி "சித்தி" என்கிறாளாம்.

"அம்மா எங்கேன்னு கேட்டா?" என்றேன்.

"போனுக்குள்ள இருக்காங்கங்குது புள்ள! ரிசீவரத் தூக்கிக் காட்டுது. நாங்க சிரிச்சுச் சிரிச்சு வயிறே நொந்து போச்சு. வந்து உன்னைய நேர்ல பாத்தா எல்லாஞ் சரியாப் போயிரும், விடு."

நானும் சிரித்தேன். அன்றைக்குக் கடைக்குள் போய் உட்கார்ந்தும் சாப்பிடப் பிடிக்கவில்லை. என் பிள்ளை என்னை அம்மா என்று கூப்பிடுவாளா என்ற பயம் அன்று பிடித்தது. பிறகு அது விடவே இல்லை.

இரண்டாயிரமாவது ஆண்டின் குளிர்காலத்தில், நான் தனியாக ஒரு பெட்ரூம் வீடு எடுத்தேன். டேகேரில் இடம் பிடித்தேன். கணவர் ஊருக்குப் போய் மகளைக் கூட்டிக்கொண்டு நேராக சான் பிரான்சிஸ்கோவில் வந்து இறங்கினார். அவருடைய புராஜெக்ட் முடியும்வரை குழந்தை என்னிடம் இருப்பது என்று ஏற்பாடு. ஏர்போர்ட்டில் அவர் தோளிலிருந்து என்னைப் பார்த்தாள். மூன்று வயது முடிந்திருந்தது. என் மாமியாரின் நெற்றி, என் கண். "யாருன்னு சொல்லு பாப்பா?" என்றார் அவர்.

"சித்தி" என்றாள். சொல்லிவிட்டு அப்பாவின் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்ததும் அவள் முதலில் தேடியது போனை. ரிசீவரைக் காதில் வைத்து "அம்மா... அம்மா..." என்று கூப்பிட்டாள். அதில் வெறும் டயல் சத்தம்தான் கேட்டது. நான் பக்கத்தில் போய் மண்டிபோட்டு, "அம்மாதான் சாமி. ஆ காட்டு, அம்மாவுக்கு ஒரு வாய்" என்றேன். அதே வார்த்தை, அதே குரல். அவள் என் வாயையே உற்றுப் பார்த்தாள். பிறகு பொறுமையாகச் சொன்னாள்: "நீங்க இல்ல. எங்கம்மா போன்ல இருக்காங்க." போனில் என்னை எப்போதும் நீ, வா, போ என்றுதான் பேசுவாள். நேரில் 'நீங்க' என்று மரியாதை கொடுத்தாள். அந்த மரியாதையை என்னால் தாங்க முடியவில்லை.

அவள் சாப்பிடவும் இல்லை. இட்லி, தயிர் சாதம், நெய்ப் பருப்பு எதைக் கொண்டுபோனாலும் வாயை இறுக்கி மூடிக்கொள்வாள். அப்பா கெஞ்சினால் ஒரு டம்ளர் பால். ஈரோட்டுக்குப் போன் போட்டுக் கொடுத்தோம். பெரியம்மா குரல் கேட்டதும், "நான் வீட்டுக்கு வரேன், நான் வீட்டுக்கு வரேன்" என்று மூச்சு முட்ட அழுதாள். அக்காவும் அந்தப் பக்கம் அழுதாள். அதற்குப் பிறகு அந்த வைத்தியத்தையும் விட்டுவிட்டோம்.

லீவு முடிந்து கணவர் நியூ ஜெர்சிக்குக் கிளம்பும் நாளில் சமையலறையில் நின்று மெதுவாகச் சொன்னார். "பட்டினி போட்டு வெக்க முடியாதும்மா. அடுத்த வாரம் எங்க ஆபீஸ்ல ஒருத்தர் கோயமுத்தூர் போறாரு, ஃபேமிலியோட. அதுவரைக்கும் பாரு. அப்பவும் சாப்பிடலேன்னா அவங்க கூட அனுப்பிடலாம். அக்காகிட்ட நல்லா இருந்துச்சுல்ல? இன்னும் ரெண்டு வருஷம் போகட்டும்."

"அனுப்ப மாட்டேன்" என்றேன்.

"அப்ப சாப்பிட வை" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அவர் கண்ணும் சிவந்துதான் இருந்தது.

அவர் போன பிறகு குழந்தை பாலையும் நிறுத்திவிட்டாள். பிஸ்கட்டைத் தண்ணீரில் நனைத்து எப்போதாவது சப்புவாள். கதவுக்குப் பக்கத்தில் தன் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். சனிக்கிழமை சாயங்காலம் அந்த வீட்டுக்குள் என்னால் இருக்க முடியவில்லை. அவளைத் தூக்கிக் காரில் உட்காரவைத்து, வேறு எங்கே போவதென்று தெரியாமல் எல் கமினோவுக்குப் போனேன்.

எல்லோரும் ஒன்றாகக் கத்தி வரவேற்றதும் என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். பயத்தில்தான். ஆனாலும் அந்த ஒரு நிமிடம் எனக்கு வேண்டியிருந்தது. கடைக்கார அம்மாள் பலகையைச் சுற்றிக்கொண்டு ஓடிவந்தார். தான் நினைத்து வைத்திருந்த உயரத்தில் கையை நிறுத்திப் பார்த்தார். நான் இறக்கி நிறுத்தியபோது பிள்ளை அந்தக் கைக்கு நன்றாகக் கீழே இருந்தாள். "ஓ, ஸ்மால்" என்றார். நான் அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சாப்பிடவில்லை, என்னைத் தெரியவில்லை, திருப்பி அனுப்பச் சொல்கிறார்கள். யாரிடமும் சொல்லாததை, பாதி ஆங்கிலம்தான் புரியும் என்ற தைரியத்தில் கொட்டிவிட்டேன். அவர் உள்ளே போய், ஒரு கிண்ணத்தில் வெள்ளைச் சோறும் இன்னொன்றில் கோழிச் சாறும் கொண்டுவந்து வைத்தார். அவர்கள் சோறு ஒட்டும் சோறு, பிள்ளைகளுக்குக் குழைத்து ஊட்டுகிற பதத்திலேயே இருக்கும். சாறு விட்டுக் கையால் பிசைந்து ஒரு உருண்டை பிடித்தேன். மகள் தலையைத் திருப்பிக்கொண்டாள்.

அப்போது கடையின் போன் அடித்தது.

அவள் ஸ்டூலிலிருந்து சறுக்கி இறங்கிவிட்டாள். "அம்மா! எங்கம்மா!" என்று கத்திக்கொண்டு போனை நோக்கி ஓடினாள். அந்த அம்மாள் காதுக்கும் தோளுக்கும் நடுவே ரிசீவரை இடுக்கிக்கொண்டு யாருடைய ஆர்டரையோ எழுதிக்கொண்டிருந்தார். இவள் அவர் ஏப்ரனைப் பிடித்து இழுத்து, "எனக்குக் குடுங்க, எங்கம்மாதான், எனக்குக் குடுங்க" என்று குதித்தாள். போனை வைத்ததும் தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள்.

அந்த அம்மாள் என்னைப் பார்த்தார். பிறகு கண்ணாடி வழியாக வெளியே சுவரில் இருந்த போனைப் பார்த்தார். எனக்கும் அதே நொடியில் புரிந்துவிட்டது. வீட்டில் இருப்பது ஒரே ஒரு போன். இங்கே உள்ளே ஒன்று, வெளியே ஒன்று. பலகை மேல் இருந்த மெனுச் சீட்டில் கடையின் நம்பர் அச்சடித்திருந்தது. அதை எடுத்துக்கொண்டு வெளியே ஓடினேன். அவர் குழந்தையைத் தூக்கி, முதுகு வாசல் பக்கம் இருக்கும்படி மடியில் வைத்துக்கொண்டார்.

காசைப் போட்டேன். உள்ளே மணி அடிப்பது வெளியேயும் கேட்டது. அந்த அம்மாள் எடுத்து, என் குரலைக் கேட்டதும், "யெஸ், மம்மி, யெஸ்" என்று சொல்லி ரிசீவரை அவள் காதில் வைத்தார்.

"அம்மா?"

"அம்மாதான் சாமி."

"எங்க போயிட்டேம்மா? ரொம்ப நேரமாக் கூப்புட்டேன்."

"இங்கதான் இருக்கேன் கண்ணு."

"இங்க பெரிம்மா இல்ல. அப்பாவும் போயிட்டாங்க. நீ எப்பம்மா வருவே?"

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவளுடைய பின்மண்டை தெரிந்தது. அக்கா எண்ணெய் வைத்து வாரிவிட்ட பின்னலை நான்கு நாளாக என்னை அவிழ்க்க விடவில்லை. அவள் திரும்பினால் என்னைப் பார்த்துவிடுவாள். பார்த்தால் அம்மா கிடைத்துவிட்டாள் என்று நினைப்பாளா, போனுக்குள் இருந்தவளும் பொய் என்று நினைப்பாளா? எனக்குத் தெரியவில்லை. பயந்துபோய்ச் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றேன்.

"வந்தர்றேன் சாமி. நீ சோறு சாப்புடோணும். சாப்ட்டாத்தான் அம்மா வர முடியும்."

"யாரு ஊட்டுவாங்க?"

"அங்க... சித்தி இருக்காங்கல்ல, அவங்க ஊட்டுவாங்க."

யோசிக்கிறாள் என்று மூச்சிலிருந்து தெரிந்தது. "சித்திகிட்ட வாங்கிக்கலாமா?"

"வாங்கிக்கலாம் கண்ணு. அம்மா சொல்றேன்ல. சித்தி ரொம்ப நல்லவங்க. உம்மேல ரொம்ப ஆசையா இருக்காங்க."

"சரி" என்றாள். எப்போதும் போல ரிசீவருக்கு ஒரு முத்தம் கொடுத்தாள். சத்தம் என் காதில் விழுந்தது.

முகத்தை ஸ்வெட்டர் கையால் துடைத்துக்கொண்டு உள்ளே போனேன். பலகையில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் தங்கள் கிண்ணங்களை மிகவும் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கை கழுவிவிட்டு வந்து, ஆறிப் போன சோற்றில் சூடாகச் சாறு விட்டு மறுபடி பிசைந்தேன். உருண்டையை அவள் வாயருகே கொண்டுபோனேன். 'ஆ' என்று சொல்லப் பயமாக இருந்தது. அது போன் அம்மாவின் சொல். நான் சும்மா நீட்டினேன்.

அவள் வாயைத் திறந்தாள். ஒன்றரை வருடத்துக்குப் பிறகு அவளுடைய நாக்கும் பல்லும் என் விரலில் பட்டன. பசி. மென்றுகூட முடிக்காமல் அடுத்த வாய்க்குத் திறந்தாள். ஒரு கிண்ணம் தீர்ந்து அந்த அம்மாள் இன்னொன்று கொண்டுவந்து வைத்தார். கடைசி உருண்டைவரை சாப்பிட்டாள். நான் விரலால் கிண்ணத்தை வழித்து அதையும் ஊட்டினேன். அவளை அனுப்ப வேண்டியதில்லை. அது எனக்குத் தெரிந்துவிட்டது.

வாயைத் துடைத்துவிட்டபோது அவளே என் கையைப் பிடித்தாள்.

"சித்தி."

"என்ன கண்ணு?"

"எங்கம்மா மறுபடி கூப்புட்டா சொல்லுங்க. நான் எல்லாச் சோத்தயும் சாப்ட்டுட்டேன்னு."

"சொல்றேன்" என்றேன்.